மொரிஸ் காரின் அடித்தகடு

துருப்பிடித்த இரும்பில் மண்ணெண்ணெய் ஊறும்போது ஒரு வாசனை வரும். வெட்டுப்பட்ட விரலைச் சூப்பினால் நாக்கில் ஓர் உப்புக் கரிப்புப் படுமே, அதையும் அணைந்த குப்பி விளக்கின் புகையையும் சேர்த்துக் குழைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. என் சிநேகிதிகளுக்குப் பிள்ளைப் பருவம் என்றதும் அப்பம் சுடுகிற வாசனையும் புதுப் பாடப்புத்தகத்தின் வாசனையும் நினைவுக்கு வருகின்றனவாம், கொடுத்து வைத்தவர்கள். எனக்கு இதுதான் வருகிறது, வரும்போது பெரிய குழப்பம் ஒன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுவதும் அந்த வாசனைக்குள் நின்றேன். ஏன் நின்றேன் என்று அன்றைக்கும் எனக்குச் சரியாக விளங்கவில்லை, இன்றைக்கும் முழுதாக விளங்கியதென்று சொல்லமாட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் எங்களுக்கு அது பெரும்பாலும் மணல்மூட்டைகளாகவும், சந்திகளில் குறுக்கே உருட்டிவிடப்பட்ட தார்ப் பீப்பாய்களாகவும், அடையாள அட்டையை நீட்டுகிற கைகளாகவும் வந்து சேர்ந்தது. அப்பா யாழ்ப்பாணத்தார், அரசாங்க உத்தியோகத்தர். அம்மா கொட்டாஞ்சேனைக்காரி, பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். இரண்டு பேருடைய தமிழும் வேறு வேறு. சண்டை வந்தால் அப்பா "உனக்கு ஒண்டும் விளங்காது" என்பார், அம்மா "எனக்கு எல்லாம் வெளங்குது, நீங்க பேசுறதுதான் வெளங்கல்ல" என்பாள். நாங்கள் குடியிருந்தது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில். அங்கே இரும்பென்று எதை வைத்தாலும் கடற்காற்று தின்றுவிடும். யன்னல் கம்பி, கேற்றுக் கொளுக்கி, தையல் மெஷினின் கால், ஒன்றையும் விட்டுவைக்காது.

எங்களிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் இருந்தது. தமிழருக்கு எதிரான கலவரத்தோடு நாட்டை விட்டுப் போன ஒருவரிடம் அப்பா அதை வாங்கியிருந்தார். கடற்கரைப் பக்கத்து ஆண்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் கழிவு ஒயிலையும் தாரையும் ஒன்றாகக் காய்ச்சி, காரின் அடிப்பக்கம் முழுவதும் தூரிகையால் அப்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் "கறுப்பு மருந்து". அந்தக் கிழமையில் ஒழுங்கை முழுவதும் நாறும். அப்பா மட்டும் சாதாரணமாக அப்புகிறவர் அல்ல. சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பாயொன்றை விரித்து காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் நட்டின் இடுக்கையும் தேடித் தேடிப் பூசுவார். "துரு முதலிலை பிடிக்கிறது போல்ட்டிலைதான்" என்பது அவருடைய கொள்கை. அம்மா வாசலில் நின்று, "போதுங்க, காருக்குப் பூசுறீங்களா ஒங்களுக்குப் பூசுறீங்களா?" என்று கேட்பாள். பூசி முடித்து ஒரு கிழமை போனாலும் அவருடைய நகக்கண்கள் கறுப்பாகவே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. அம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், எனக்குச் சட்டையில் லேஸ் வைத்த காலர். கொட்டாஞ்சேனைக்குள் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஒரு "சென்றி"யில், அதாவது சோதனைச் சாவடியில், மறித்தார்கள். மறிப்பது புதிதில்லை, எங்கள் வீட்டில் மறிக்காத பயணத்தைத்தான் ஆச்சரியமாகப் பேசுவோம். அப்பா இறங்கி அட்டையைக் கொடுத்தார், அதில் பிறந்த இடத்தைப் படித்த இளம் பொலிஸ்காரர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு தடியில் கட்டிய கண்ணாடியைக் காருக்கு அடியில் செலுத்தினார். கண்ணாடி பின்பக்கம் போனதும் நின்றது. அவர் குனிந்து தடியால் தட்டினார். மற்ற இடங்களில் தட்டினால் "தட்" என்று கேட்ட தகரம், பின்சீட்டுக்கு நேர்கீழே மட்டும் குடத்தைத் தட்டினதுபோல "டொங்" என்றது.

விஷயம் இதுதான். காரின் பழைய தரைத்தகடு அந்த இடத்தில் எப்போதோ உக்கிப்போயிருக்கிறது. முந்தின சொந்தக்காரரோ அவருக்கும் முந்தினவரோ அதன் கீழே தட்டம்போலக் குழிவான இன்னொரு தடித்த தகட்டை வைத்து, நாலு மூலையிலும் போல்ட் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம். அது அப்பாவுக்கும் தெரியும், அடியில் படுத்துப் பூசினவர் அல்லவா? ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. தகடென்று கண்டார், பூசினார். இப்போது பொலிஸ்காரரின் கண்ணாடியில் தெரிந்ததோ, காரின் அடியில் ஒரு கள்ள அறை, அதை மூடிய ஒரு தகடு, அந்தத் தகட்டின் மேல் போன கிழமைதான் பூசிய பளபளப்பான கறுப்பு. பூசினது யார் என்று கேட்டார்கள். அப்பா தன் கையைப் பார்த்தார். எல்லோரும் அவருடைய நகங்களைப் பார்த்தார்கள்.

அப்பா நல்ல சிங்களம் பேசுவார், கந்தோரில் நாள் முழுவதும் அதில்தான் பேசுகிறவர். ஆனால் பயம் வந்தால் அவருக்கு இங்கிலிஷ் மட்டும்தான் வாயில் வரும். "ஐ ஆம் எ கவர்ன்மென்ட் சேவன்ட்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இளம் பொலிஸ்காரருக்கு அது திமிராகப் பட்டது போலும், முகம் சிவந்துவிட்டது. உள்ளேயிருந்து சார்ஜன்ட் வந்தார். தொந்தியும் நரைத்த மீசையுமாக, பகல் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்த முகம். அவரும் தட்டிப் பார்த்தார். "மேக்க அரின்ட ஓன," இதைத் திறக்கத்தான் வேண்டும் என்றார். "திறக்கிறது எப்படி, சேர்?" என்று அப்பா மறுபடி இங்கிலிஷில் கேட்டார். அது உன் கார், உனக்குத் தெரியும் என்றார் சார்ஜன்ட்.

பிறகு அவர் அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். அம்மாவின் சிங்களம் சந்தைச் சிங்களம், மீனுக்கும் மரக்கறிக்கும் போதும். தவறிய சொற்களை நான்தான் அவளுக்குத் தமிழில் எடுத்துக் கொடுத்தேன். பின்னேரம் அவருடைய முறை முடிகிறது. அடுத்து வருகிறவர் பெரிய அதிகாரி, தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை, காரை ஓரிடத்துக்கும் ஆளை ஓரிடத்துக்கும் அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு தன்னால் ஒன்றும் செய்ய இயலாது. அதற்கு முன் தகட்டைக் கழற்றி உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினால், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அதுவரை ஐயா உள்ளே இருக்கட்டும். அப்படி அனுப்பப்பட்டவர்களின் பெயர்களை எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சிலர் மாதங்கள் கழித்து வந்தார்கள், சிலர் வரவில்லை. நான் அதையும் சேர்த்துத் தமிழில் சொன்னேனா, இல்லை அம்மாவுக்கே தெரிந்ததா, நினைவில்லை. அப்பாவைப் பக்கத்திலிருந்த பூட்டிய கடையின் பின்னறைக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா போகிறவரின் முதுகைப் பார்த்து, "பூசாதீங்க பூசாதீங்கன்னு தலயால அடிச்சிக்கிட்டேனே!" என்று கத்தினாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது விளங்கியது ஒன்றே ஒன்று: துருப்பிடித்த போல்ட் வைத்திருப்பது பெரிய குற்றம். அதற்காகத்தான் அப்பாவைப் பிடித்திருக்கிறார்கள், போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். சிரிக்காதீர்கள், பெரியவர்களுக்கு விளங்கினதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப்பிடித்தபடி அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையில் அவள் பிறந்த ஒழுங்கைக்குப் பக்கத்தில் ஹனிபா நானா என்று எல்லோரும் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற ஒருவர் கராஜ் வைத்திருந்தார், சின்னப் பிள்ளையிலிருந்து அவளைத் தெரிந்தவர். ஞாயிறென்பதால் கராஜ் பூட்டு. மனிதர் வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். அம்மா வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "நாலு போல்ட்டுத்தானே தங்கச்சி? ஹார்பர்ல கப்பலுட போல்ட்டையே கழட்டினவன் நான். ஒரு மொரிஸ் காருட போல்ட்டு எனக்கு என்னா கணக்கு? புள்ளக்கிக் கொஞ்சம் தண்ணி குடுங்க." தண்ணீர் குடிக்கக்கூட அம்மா என்னை நிற்கவிடவில்லை. சாமான் பெட்டியோடு மூவரும் ஒரு த்ரீவீலரில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கினோம்.

நானா காருக்கு ஜாக்கி அடித்து, கல் வைத்து, காட்போட் பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்து அடியில் நுழைந்தார்.  பிறகு, "யா அல்லாஹ், இதுக்கு மேல யாரு இப்பிடித் தாரு ஊத்தினது?" என்று குரல் வந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "வேற யாரு," என்றாள். அவர் தாரைச் சுரண்டி எடுத்தார். சுரண்டச் சுரண்ட அடியில் துரு, துருவுக்கு அடியில் இன்னொரு தார், அப்பாவின் பல வருடத்து உழைப்பு. கடைசியில் நட்டு தெரிந்தது. ஸ்பெனரைப் போட்டுத் திருப்பினார். ஸ்பெனர் வழுக்கியது, கை தகட்டில் அடிபட்டது, அவர் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத இயலாது.

வெளியே வந்து சுத்தியலை எடுத்தார். இப்படி இறுகின போல்ட்டை நாலு பக்கமும் தட்டினால் துரு உதிர்ந்து பிடி விடும், அது எந்த கராஜிலும் செய்கிற முதல் வேலை. அவர் சுத்தியலை ஓங்கினதைக் கண்டதும் சார்ஜன்ட் மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து, "எப்பா! எப்பா!" வேண்டாம் வேண்டாம் என்று அலறினார், இளம் பொலிஸ்காரர் குனிந்தே விட்டார். உள்ளே குண்டு இருந்தால் அடிக்கிற அடியில் வெடித்துவிடுமாம், ஆகவே அடிக்கக் கூடாது. சரி, நெருப்பால் சூடு காட்டுவோம் என்று நானா புளோலாம்பை எடுத்தார். பக்கத்திலேயே பெற்றோல் தாங்கி. அதைக் கண்டதும் அவரே கூடாதென்று தலையாட்டிக் கீழே வைத்துவிட்டார். அரிந்து எடுப்போமென்றால் தகட்டின் விளிம்பு தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, வாள் நுழைய இடமில்லை. நானா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அடிக்கவும் ஏலா, சுடவும் ஏலா, அரியவும் ஏலா. போல்ட்டுக்கு ஸலாம் சொல்லிக் கெஞ்சவா?"

ஒரு விஷயம் அப்போதே என் மண்டையைக் குடைந்தது. வெடிக்கும் என்று அவர்கள் உண்மையாக நம்பினால், எங்களை ஏன் பக்கத்தில் விட்டார்கள்? நம்பவில்லை என்றால் அவர்கள் ஏன் மூட்டைக்குப் பின்னால் போனார்கள்? அம்மாவிடம் கேட்டேன். "வாய மூடு," என்றாள். 

இனி இருந்தது மண்ணெண்ணெய்தான். சென்றிக்கு எதிர்வீட்டுப் பெண் ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுத்தாள். பின்சீட்டை இழுத்து வெளியே போட்டுவிட்டு, உள்ளே கம்பளத்தை உரித்தால் போல்ட்டுகளின் தலைகள் தெரிந்தன. நான் உள்ளே குந்தியிருந்து ஒரு துணியை நனைத்து நனைத்து அவற்றின் மேல் பிழிந்தேன், நானா கீழேயிருந்து நட்டுகளுக்குப் பூசினார். "ஊறணும் மகள், ஊறணும். ஒரு ராவு ஊறினா லேசா வரும்," என்றார். ஒரு இரவு எங்களிடம் இருக்கவில்லை, பின்னேரம்தான் இருந்தது. வேடிக்கை பார்க்கக் கூடிச் சுற்றி நின்றவர்களுக்கு அதற்குள் வாய் திறந்துவிட்டது. தேசிக்காய் வெட்டிப் புளி பிழிந்து விடுங்கள் என்றார் ஒருவர். வினாகிரிதான் சரி என்றார் இன்னொருவர். தேங்காயெண்ணெயை விட ஒன்றுமில்லை என்று எதிர்வீட்டுப் பெண் அதையும் கொண்டுவந்தாள். சார்ஜன்ட் மூட்டைக்குப் பின்னாலிருந்தே பிரேக் ஒயில் பற்றி ஏதோ சொன்னார். நானா ஒவ்வொன்றுக்கும், "அதெல்லாம் சரிவராது," என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றையும் ஊற்றினார். அந்தப் போல்ட்டுகள் அன்றைக்குக் குடித்ததை ஒரு மனிதன் குடித்திருந்தால் செத்திருப்பான்.

நடுவே சார்ஜன்ட் என்னிடம் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொடுத்து அப்பாவிடம் போகச் சொன்னார். பின்னறையில் அரிசி மூட்டை அடுக்குகிற மரப்பலகையில் அப்பா உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, முன்னால் ஒரு தேநீர்கூட ஆறிப்போய் இருந்தது. அவர் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல், "கழண்டிட்டுதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லாத்தான் பூசினனான்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். "பிள்ளை, அந்த மனிசன் காரை விக்கேக்கை ஏன் அவ்வளவு அவசரப்பட்டவர்?" காரை வாங்கியபோது நான் கைக்குழந்தை, எனக்கு எப்படித் தெரியும்? வெளிநாடு போகிற அவசரமாக இருக்கும். அவர் கண் சுவரில் ஏதோ ஒரு இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு யோசனையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் வெளியே ஓடினேன்.

திரும்பி வந்தால் அம்மா புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குள் முழங்காலில் நிற்கிறாள். கீழே இடமில்லாததால் ஸ்பெனரை வீசித் திருப்ப நானாவால் முடியவில்லை. ஆகவே அவர் கீழே நட்டைப் பிடித்துக்கொள்ள, மேலே போல்ட்டின் தலையில் ஸ்பெனரைப் போட்டு, அதில் ஒரு நீளக் குழாயைச் செருகி, குழாயின் நுனியைத் திறந்த கதவு வழியாக நீட்டி, அதை அம்மா தள்ள வேண்டும். "எடப்பக்கம் தள்ளுங்க தங்கச்சி!" என்று கீழேயிருந்து குரல். "ஒங்க எடமா, எங்க எடமா?" என்று அம்மா மேலேயிருந்து. "நான் மல்லாந்து கெடக்கேன், எனக்கு என்னா எடம் தெரியும்? கடல் பக்கம் தள்ளுங்க!" கடல் எந்தப் பக்கம் என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. சார்ஜன்ட் மூட்டையை விட்டு வெளியே வந்து கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டியது துறைமுகப் பக்கம், நானா நினைத்தது காலிமுகக் கடற்கரைப் பக்கம். வேறு நாளாக இருந்தால் நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அம்மாவின் கன்னத்தில் கண்ணீரும் தாரும் ஒன்றாக வடிந்துகொண்டிருந்தன.

அவள் ஒருமுறை "முருகா!" என்று கத்திக்கொண்டு முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளினாள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் அப்படியே நின்றோம். "முறிஞ்சிட்டு," என்றார் நானா கீழேயிருந்து, பிணத்தைப் பற்றிச் சொல்வதுபோல. முறிந்தால் தண்டு உள்ளே நின்றுவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும், துளைபோட அங்கே மின்சாரம் இல்லை. அவர் கையை விட்டுத் தடவினார், தடவிப் பார்த்து, "இல்ல இல்ல இல்ல," என்றார். போல்ட் முறியவில்லை, அசைந்திருக்கிறது. அம்மா தள்ளினது கழற்றுகிற பக்கமில்லை, இறுக்குகிற பக்கம். ஏற்கெனவே செத்தாலும் அசையமாட்டேன் என்று இறுகிக் கிடந்ததை அவள் இன்னும் இறுக்கியிருக்கிறாள், அந்த அதிர்ச்சியில் துரு பிடியை விட்டிருக்கிறது. நானா வெளியே தலையை நீட்டி, "நான் சென்ன மாதிரித்தானே வந்திச்சு!" என்றார். அவர் அப்படி ஒன்றும் சொல்லவேயில்லை. அவர் ஊற்றின எண்ணெய்களில் ஒன்று வேலை செய்ததா, அம்மாவின் பிழை வேலை செய்ததா, முருகன் வேலை செய்தாரா என்று பின்னாட்களில் பெரியம்மா வீட்டில் பலமுறை வழக்கு நடந்தது, தீர்ப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு வழி தெரிந்துவிட்டது. முதலில் கொஞ்சம் இறுக்குவது, பிறகு கொஞ்சம் தளர்த்துவது, மண்ணெண்ணெய் விடுவது, மறுபடி இறுக்குவது. ஒவ்வொரு திருப்பலுக்கும் போல்ட் கிறீச்சிட்டு அழுதது. இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. நான்காவது நட்டின் விளிம்புகள் எல்லாம் தேய்ந்து மொட்டையாகி, ஸ்பெனர் அதில் நிற்கவே மறுத்தது. வெயில் சரிந்துவிட்டிருந்தது, சார்ஜன்ட் வீதியின் கோடியைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். மூன்று மூலை விட்டுவிட்டதால் தகட்டை நாலாவது போல்ட்டில் சுழற்றித் திறக்கலாம் என்றார் நானா. சொல்லிவிட்டு அவர் உடனே செய்யவில்லை. தகட்டின் ஓரத்தில் கை வைத்தபடி, சத்தத்தைத் தாழ்த்தி, "தங்கச்சி, இந்தக் காரு யாருக்கிட்ட வாங்கினது?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பிடித்து எதிர்வீட்டுப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள், "உள்ள கூட்டிட்டுப் போங்க," என்றாள். அந்த நாள் முழுவதும் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அப்படியானால் அம்மாவும் நினைக்கிறாளா? மத்தியானத்திலிருந்து சார்ஜன்டோடும் நானாவோடும் சாமியோடும் சண்டை பிடித்த அம்மா, உள்ளே ஏதோ இருந்தாலும் இருக்கும் என்று நினைக்கிறாளா? நான் அந்தப் பெண்ணின் கையைத் திமிறிக்கொண்டு கேற்றில் ஏறி நின்று பார்த்தேன்.

நானா தகட்டைத் தள்ளினார். அது கனமாக முனகிக்கொண்டு சுழன்றது, உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு பொட்டலம் பொத்தென்று வீதியில் விழுந்தது.

பொலிஸ்காரர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. நானா காருக்கு அடியிலிருந்து அவருடைய வயதுக்கும் உடம்புக்கும் பொருந்தாத வேகத்தில் வெளியே உருண்டார். அம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜன்ட் தூரத்தில் நின்று நீளத் தடியால் பொட்டலத்தைக் கிண்டினார். அது ஒயிலில் ஊறிய கோணிச்சாக்கு. தண்ணீர் ஏறாமலிருக்க எவனோ ஒருவன் மடித்து மடித்துத் திணித்திருக்கிறான். சாக்கை விரித்தார்கள், உள்ளே கடல்மணலும் துருப்பொடியும் கொட்டின. வெற்றிடத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். வெறும் தகரம். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "யன்ட, யன்ட," போங்கள் போங்கள் என்றார். எங்களைவிட அவருக்குத்தான் அவசரமாக இருந்தது.

நானா தகட்டைக் கம்பியால் கட்டிவிட்டார். அப்பாவை வெளியே கொண்டுவந்தார்கள். அவர் சார்ஜன்டுக்கு நன்றி சொன்னார், இந்தமுறை நல்ல சிங்களத்தில். நானாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நானா, "அடுத்தமொற பூசாதீங்க தொர, பூசினா என்னக் கூப்புடாதீங்க," என்றார். பெரியம்மா வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. வெள்ளவத்தையை நோக்கித் திருப்பினோம். அம்மாவின் பச்சைப் பட்டு நாசமாகியிருந்தது. நான் பின்சீட்டில் மண்ணெண்ணெய் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து, இனி எல்லாம் சரி, அப்பா வந்துவிட்டார், போல்ட்டுகளை எறிந்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலிமுகத்தைத் தாண்டும்போது அப்பா வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்.

"உள்ளுக்கு என்ன இருந்தது?"

"சாக்கு," என்றாள் அம்மா.

"சாக்கு மட்டுமோ?"

"மண்ணு."

அப்பா கியரை மாற்றினார். பிறகு, "வேறை ஒண்டும் இல்லையோ? வடிவாப் பாத்தனியோ?" என்றார்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய்க்கு வாய் பேசுகிற அம்மா, அன்றைக்கு அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு, "நல்லாப் பாத்தேங்க. ஒண்ணுமே இல்ல," என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் காரின் அடியில் எத்தனை மழைக்காலம் மல்லாந்து படுத்தவர், ஒரு பொழுது அந்த அறையில் இருந்த இருப்பில், தன்னிடம் ஒன்றுமில்லை என்பதை இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவராகிவிட்டார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சார்ஜன்ட் மேலா? அந்த மனிதர் எங்களை விட்டுவிடத்தானே பார்த்தார்.

இப்போது அந்தச் சென்றி இருந்த இடத்தில் கைபேசி திருத்துகிற கடை ஒன்று இருக்கிறது. ஹனிபா நானா மௌத்தாகிவிட்டார், அவருடைய கராஜ் நின்ற நிலத்தில் மாடிவீடுகள் எழும்பிவிட்டன. மொரிஸை அப்பா அடுத்த வருடமே விற்றார். அப்பாவும் இப்போது இல்லை. கடற்கரை ஒழுங்கைகளில் யாரும் தார் காய்ச்சுவதில்லை, வெள்ளவத்தையில் அந்த நாற்றத்தைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். நானும் கார் ஓட்டுகிறேன். பெரிய கடைகளின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்தப் போகும்போது காவலுக்கு நிற்கிற பையன் மரியாதையாகக் குனிந்து, பின்பெட்டியில் ஏதாவது இருக்கிறதா மேடம் என்று கேட்கிறான், கேட்பதற்காகக் கேட்கிற கேள்வி. உள்ளே ஒரு குடையும் காலையில் வாங்கிய மரக்கறியும்தான் இருக்கும், நானே வைத்தவை. ஒன்றுமில்லை என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவன் மூடியைத் திறந்து பார்த்து, சரி போங்கள் என்று கை காட்டும்வரை, நான் சொன்னது உண்மைதானா என்று அவனோடு சேர்ந்து நானும் காத்திருக்கிறேன்.